ரெஃப்ரி பார்க்கவில்லை என்றால்

அன்புள்ள ஐயா,

என் மகன் அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனான். நம்மூர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். பந்தை எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்ற எதிரணிப் பையனை ஒருவன் ஓடிவந்து மோதிச் சாய்த்தான். அரங்கமே எழுந்து கைதட்டியது, என் மகனும்தான். அன்று இரவு அவனிடம் கேட்டேன். "ரெஃப்ரி பாக்கலைன்னா அது தப்பில்லப்பா" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஜானி பிரைட்தான் நினைவுக்கு வந்தார். ட்ரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஆட்டக்காரர், அந்நாளில் நாட்டின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். 1951 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் ஆடப் போனார். பிரைட்டைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே ஊரில் பேச்சு இருந்தது. முதல் ஏழு நிமிடங்களுக்குள் எதிரணியின் வில்பேங்க்ஸ் ஸ்மித் என்ற வெள்ளையின ஆட்டக்காரர் அவரை மூன்று முறை நினைவிழக்கச் செய்தார். பிரைட்டின் தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு அவர் 61 கஜம் பந்தை எறிந்து ஒரு டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வழிசெய்தார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

டெ மாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் ராபின்சனும் அல்டாங்கும் அதை வரிசையாகப் படம் எடுத்திருந்தார்கள். பந்து பிரைட்டின் கையை விட்டுப் போய்விட்டது, ஆட்டம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது, அப்புறம்தான் அடி விழுகிறது. படங்களுக்கு 1952இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் அடித்தவர் மீது அவருடைய கல்லூரியும் நடவடிக்கை எடுக்கவில்லை, இரண்டு கல்லூரிகளும் இருந்த மிசௌரி வேலி கூட்டமைப்பும் எடுக்கவில்லை. நாடே பார்த்துவிட்ட பிறகும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ட்ரேக் அந்தக் கூட்டமைப்பை விட்டே வெளியேறியது.

உங்கள் மகன் சொல்வதில் எனக்குள்ள சிக்கல் இதுதான். ரெஃப்ரி மனிதர், அவர் பார்வைக்குத் தப்பத்தான் செய்யும். ஆனால் அரங்கத்தில் கைதட்டியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்ததால்தான் கைதட்டினார்கள்.

பார்த்ததை ஒப்புக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1940 நவம்பர் 16 அன்று கார்னெல் அணி, டார்ட்மத்தை 7–3 என்று கடைசி நொடிகளில் வென்றது. பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள்தான். எண்ணிக்கை தவறி, நடுவர் ஐந்தாவது ஒன்றைக் கொடுத்துவிட்டார். கார்னெல் வென்றது அந்த ஐந்தாவதில். பிறகு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற நடுவருக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே கார்னெல் தானே தந்தி அனுப்பி வெற்றியை விட்டுக்கொடுத்தது. 18 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி அது. இன்றும் ஏடுகளில் டார்ட்மத் 3, கார்னெல் 0 என்றுதான் இருக்கிறது.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1990இல், கொலராடோ அணி அதே மாதிரி ஐந்தாவது முயற்சியில் மிசௌரியை 33–31 என்று வென்றது. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆடுகளம் வழுக்கியது என்று பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி குறை சொன்னார். அந்த ஆண்டு தேசியப் பட்டத்திலும் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மெக்கார்ட்னி அதற்காக வருந்தினார். வருந்தியதை மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பட்டத்தை என்னால் பட்டமாக நினைக்க முடியவில்லை.

மகனிடம் விதியைப் பற்றியும் சொல்லுங்கள். தலையையோ கழுத்தையோ குறிவைத்து மோதுகிறவரை 2013 முதல் ஆட்டத்தை விட்டே வெளியேற்றுகிறார்கள். அப்பட்டமான மோதலைக் களத்து நடுவர் தவறவிட்டாலும், வீடியோ பார்க்கும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்டனை கொடுக்க 2016இல் வழி செய்தார்கள். அவன் சொன்ன வாதம் விதிப்புத்தகத்திலேயே இப்போது முழுசாகச் செல்லாது.

பிரைட் கனடாவுக்குப் போய் ஆடினார். எட்மண்டனில் ஆசிரியராகி, பள்ளி முதல்வராகி, 1983இல் இறந்தார். ஸ்மித் ஆடிய ஸ்டில்வாட்டர் கல்லூரி, இன்றைய ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம், மன்னிப்புக் கேட்டது 2005இல்.

அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, மகனுக்கு அனுப்புங்கள். இன்னொன்று, மோதிச் சாய்த்த பிறகு அந்தப் பையன் எழுந்தானா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டு எழுதுங்கள்.