அமெரிக்க ஃபுட்பால் (NFL) ஓட்டக்காரர் எசேக்கியல் எலியட்டின் 2016 ரூக்கி (முதல் வருட) சீசன் உண்மையிலேயே அபூர்வமா, இல்லை முன்னால் நின்று எதிராளிகளைத் தடுத்து வழி விட்ட லைனின் புண்ணியமா?

அபூர்வம்தான், ஆனால் அந்த சீசனில் பந்தோடு ஓடிய 1,631 யார்டுக்காக இல்லை. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் பக்கத்து சீட்டில் எலியட்டின் அணியான டல்லாஸ் கௌபாய்ஸின் பக்தர் ஒருவர் வாய்த்திருக்கிறார் போல.

எனக்கு ஒரு கூட்டமே வாய்த்தது. அப்போது டல்லாஸை ஒட்டி இர்விங்கில் வேலை. சாப்பாட்டு நேரம் முழுக்க எலியட் ஜபம்தான். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "அந்த லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் ஆயிரம் யார்டு வரும்" என்று சொல்லிவிட்டேன். லைனில் நின்ற டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஸாக் மார்ட்டின் மூன்று பேருமே அந்த வருடம் ஆல்-ப்ரோ (லீகின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணி, நான் சொன்னதில் என்ன தப்பு? "கிரிக்கெட் பார்க்கிற ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று சிரித்தார்கள். ராத்திரி வீம்புக்குக் கணக்குப் போட்டால் அது எனக்கே எதிராக வந்து நின்றது.

அதே மூவருக்குப் பின்னால் 2014இல் டிமார்க்கோ மரே 1,845 யார்டு ஓடினார், கேரிக்கு (பந்தை வாங்கி ஓடும் ஒவ்வொரு முறைக்கும்) 4.7. அடுத்த வருடம் டேரன் மெக்ஃபேடன் 1,089, கேரிக்கு 4.6. எலியட் 322 கேரியில் 5.1. அரை யார்டுக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் கூடுதல்தான் எலியட். அற்பமாகத் தெரியும், 322ஆல் பெருக்கிப் பாருங்கள். பந்தை வீசும் குவாட்டர்பேக் ரோமோ காயத்தில் கிடந்த 2015ஐச் சேர்க்கலாமா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள், சரி, விட்டுவிடுங்கள், மரே கணக்கு ஒன்றே போதும்.

ரூக்கி சாதனையான எரிக் டிக்கர்சனின் 1,808 யார்டை எலியட் தாண்டியிருப்பார் என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். பிளேஆஃப் இடம் உறுதியானதால் கடைசி ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை, உண்மை. ஆனால் தாண்ட 178 யார்டு வேண்டும், ஒரே ஆட்டத்தில். டிக்கர்சன் 1983இல் 390 கேரி எடுத்து 16 ஆட்டமும் ஆடியவர்.

நான் இவ்வளவு எழுத உட்கார்ந்ததே ஜோர்டன் ஹோவர்டுக்காக. அதே 2016, அவரும் ரூக்கி, டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஐந்தாவது சுற்றில் எடுத்த ஆள். 252 கேரியில் 1,313 யார்டு, கேரிக்கு 5.2, மொத்த யார்டில் லீகிலேயே இரண்டாம் இடம். அவருடைய அணி சிகாகோ பேர்ஸ் ஜெயித்தது மூன்றே ஆட்டம், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. என் முதல் வேலையும் இப்படித்தான். மூழ்கிக்கொண்டிருந்த ஒரு புராஜெக்டில் தள்ளிவிட்டார்கள், நாய் மாதிரி உழைத்தேன். கூடச் சேர்ந்தவன் நல்ல டீமில் உட்கார்ந்து டாப் ரேட்டிங் வாங்கினான், எனக்கு "எதிர்பார்த்த அளவு". இதற்கு எலியட் என்ன செய்வார், தெரியும்.

அப்புறம் ஹோவர்டின் 24ஆம் எண் ஜெர்சி ஒன்று வாங்கி அதே கேன்டீனுக்குப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் பெயர் எழுதியிருந்தும் "யார் இது?" என்றுதான் கேட்டார்கள்.