சிறு கடற்கொள்ளையர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது, கடைசியில் என்ன ஆனார்கள்?

தனிப் படையோ பெரிய பெயரோ இல்லாமல், ஒரே கப்பலை வைத்துச் சில வாரமோ மாதமோ கொள்ளையடித்தவர்களையே சிறு கொள்ளையர் என்கிறோம். வில்லியம் ஃபிளை நல்ல உதாரணம்.

1726 மே மாதம், ஜமைக்காவிலிருந்து ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போன 'எலிசபெத்' கப்பலில் மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்தார். கலகம் செய்து, கேப்டனைக் கடலில் தள்ளிக் கப்பலைப் பிடித்தார். காரணம் பேராசை மட்டுமில்லை. சாட்டையடியும் இழுத்தடிக்கும் கூலியும் அன்றைய மாலுமிகளின் அன்றாடம்.

பிடித்த கப்பலை ஓட்ட ஆள் வேண்டுமே! தான் கொள்ளையடித்த கப்பல்களில் சிறைப்பட்டவர்களையே வேலை வாங்கினார். லாரியைக் கடத்தியவன், வழி தெரியாமல் அதன் டிரைவரிடமே ஸ்டியரிங்கைக் கொடுப்பது போலத்தான். தன் ஆட்களில் பலரை வேறொரு கப்பலைத் துரத்த அனுப்பிய நேரத்தில், கைதிகள் அவரை மடக்கிவிட்டார்கள்.

ஜூலை 12 அன்று பாஸ்டனில் தூக்கு. சுருக்கு சரியில்லை என்று தூக்குப் போடுபவரைக் கண்டித்து, தன் கையாலேயே முடிச்சைத் திருத்திக்கொண்டார். மாலுமிகளைக் கொடுமைப்படுத்தாதீர்கள் என்று கேப்டன்களை எச்சரித்துவிட்டுத்தான் இறந்தார். எனக்கு இன்றும் மனதைப் பிசையும் காட்சி இது. உடலைத் துறைமுகத் தீவொன்றில் சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

கொள்ளையர் என்றாலே புதையல் பெட்டி என்று நினைக்கிறோம். ஃபிளை கொள்ளையனாகத் திரிந்தது சுமார் ஒரு மாதம், பிடித்தது சில சிறு கப்பல்களை மட்டுமே.