சவுண்டைக் கூட்டினால் கரகரக்கிறது, நாலு ஸ்பீக்கரையும் மாற்றணுமா?

கேள்வி: பழைய ஹேட்ச்பேக் கார் வாங்கி, அதில் புதிதாக டச் ஸ்க்ரீன் செட் போட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் பழசுதான். செட் வந்த பெட்டியில் 50 வாட்ஸ் x 4 என்று இருக்கிறது. மெதுவாக வைத்தால் நன்றாகக் கேட்கிறது. ஏற்காடு மலை ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுச் சவுண்டைக் கூட்டினால் பாட்டு கரகரவென்று உடைகிறது. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் நாலு ஸ்பீக்கரும் போச்சு, 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (அம்மாபேட்டை வாசகர்)

பதில்: பணத்தை எடுத்து வைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நாலும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) கருகியிருந்தால் மெதுவாக வைத்தாலும் உரசல் கேட்கும், உங்களுக்கு அப்படி இல்லையே. எனக்குச் செட் மேல்தான் சந்தேகம்.

அந்த 50 வாட்ஸ் என்பது ஒரு கணம் எட்டும் உச்சக் கணக்கு. தொடர்ந்து தரும் பவரைத்தான் ஆர்எம்எஸ் என்பார்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது 14 வோல்ட் சொச்சம், அதை வைத்துத் தனி ஆம்ப் (ஒலியின் பவரைக் கூட்டும் பெட்டி) இல்லாத செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தருவது ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட்ஸ்தான். அதற்கு மேல் கேட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், கரகரப்பு அதுதான். இதில் பாஸை (கனத்த அடி ஒலியை) 3 டெசிபல் கூட்டினாலே அந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு மடங்கு பவர் வேண்டும். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் போட்டுவிட்டு ஆடித் திருவிழாப் பம்பைப் பாட்டை வைத்தால் பாதி வால்யூமிலேயே திணற ஆரம்பித்துவிடும்.

அதனால் முதலில் ஈக்வலைசரை ஃபிளாட்டில் வைத்து, பூஸ்ட் எல்லாவற்றையும் ஆஃப் பண்ணுங்கள். மெனுவில் ஹெச்பிஎஃப் (அடி ஒலியை வடிகட்டும் வசதி) என்று இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், டோர் ஸ்பீக்கருக்குக் கனத்த பாஸ் போகாது, அதனாலேயே இன்னும் கொஞ்சம் கூட்டலாம். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பாட்டு என்றால் கோப்பே உடைந்திருக்கும், அதை ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அப்புறம் ஃபேடரையும் (முன்-பின்) பேலன்ஸையும் (இடது-வலது) ஓரத்துக்குத் தள்ளி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். நாலிலும் ஒரே மாதிரி உடைந்தால் செட்டுதான். ஒன்றில் மட்டும் என்றால் டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டையை) உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், சத்தம் நின்றால் கிளிப் போன பேட் அதிர்கிறது, ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. நிற்காவிட்டால் அந்த ஒன்றைக் கழற்றச் சொல்லி, கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பின்) இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே கரகரவென்று உரசினால் காயில் போச்சு, அதை மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் ஒன்று போனால் முன் ஜோடியை அல்லது பின் ஜோடியைச் சேர்த்து மாற்றுங்கள், நாலும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சவுண்டு பத்தவில்லை என்றால் அந்த 9,000-ஐ ஸ்பீக்கரில் போடாமல் நாலு சேனல் ஆம்ப் விசாரியுங்கள். பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள், எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்க வேண்டும். ஆம்பில் சவுண்டு அளவைக் கூட்டும் கெய்ன் திருகை ஃபுல்லில் வைத்தால் பழைய கரகரப்பே திரும்ப வரும். மலைப்பாதையில் கண்ணாடியை ஏற்றிக் கேட்டால் இவ்வளவு கூட்டவே தேவைப்படாது, ஆனால் 20 கொண்டை ஊசி வளைவிலும் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழ வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 50 வாட்ஸ் என்று போட்டு ஏமாற்றியதற்குப் புகார் செய்யலாமா?

பதில்: பெட்டியில் மேக்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்தால் புகார் நிற்பது கஷ்டம். ஆர்எம்எஸ் என்றே எழுதியிருந்தாலோ, வாரண்டி காலத்தில் கடைக்காரர் கைவிரித்தாலோ விடாதீர்கள். ஜிஎஸ்டி பில்லை வைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை வந்த 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.