பழைய லாரி எஞ்சின் நீடித்து உழைக்க எந்த ஆயில், எந்த ஃபில்டர் போடலாம்?

உங்களுடையது 2009 மாடல் பத்துச் சக்கர லாரி, எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விலை கூடிய சிந்தெடிக் ஆயிலுக்கு மாறலாமா, தனியாக ஒரு பைபாஸ் ஃபில்டர் பொருத்தலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உட்பக்கத்தைச் சுட்டுவிரலால் தடவிப் பாருங்கள். விரலில் மாவுபோல் தூசி ஒட்டினால், எந்த ஆயில் ஊற்றினாலும் அந்த எஞ்சின் தேறாது.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். அப்பா 2007இல் வாங்கிய டாடா 2515, ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், இன்னும் எங்களிடம் ஓடுகிறது. பெரும்பாலும் அரியலூரிலிருந்து சிமெண்ட் லோடு. 2016இல் எஞ்சினை இறக்கி, போரிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, மறுபடியும் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பட்டறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆயில் சரியில்லை என்றார் ஒருவர், ரிங் சரியில்லை என்றார் இன்னொருவர்.

கடைசியில் பழைய ஆயிலில் ஒரு சிறு பாட்டில் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். இரும்பும் அலுமினியமும் கூடியிருந்தன, சிலிக்கான் அதைவிடக் கூடியிருந்தது. கூலன்ட் கசிந்தாலும் சிலிக்கான் கூடும், ஆனால் அதோடு சோடியமும் கூடும். சோடியம் கூடவில்லை, ஆகவே கூலன்ட் கலக்கவில்லை. அப்படியானால் சிலிக்கான் வந்த வழி ஒன்றுதான்: மண். ஹோஸைக் கழற்றிப் பார்த்தோம். கிளாம்ப் இறுக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, ரப்பர் வெடித்து நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். மேலிருந்து பார்த்தால் தெரியாது, வளைத்துப் பிடித்தால்தான் வாய் திறக்கும். டர்போவின் இறக்கை ஓரங்களைத் தொட்டபோது கூர்மையே இல்லை. வழியெல்லாம் அந்தக் கீறல் வழியாக எஞ்சின் புழுதியை இழுத்திருக்கிறது. ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். அதைக் கவனிக்காததால் புதிதாகப் போட்ட பிஸ்டனும் ரிங்கும் போயின.

தூசி முதலில் உராய்வது ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில். அங்கே தேய்த்துவிட்டுத்தான் ஆயிலில் இறங்குகிறது, அதன் பிறகுதான் ஆயில் ஃபில்டரைச் சேருகிறது. ஆகவே ஒரு லாரியின் முதல் காவல் ஏர் ஃபில்டர். நம் டிரைவர்களும் கிளீனர்களும் அக்கறையோடு செய்கிற ஒரு காரியம் இங்கே கெடுதலாகிவிடுகிறது. வாரம் ஒருமுறை எலிமெண்டை, அதாவது ஏர் ஃபில்டருக்குள் இருக்கும் காகித வடிகட்டியை, வெளியே எடுத்து, டயரில் இரண்டு தட்டு தட்டி, டயர் கடைக் காற்றால் ஊதி மாட்டுகிறார்கள். தட்டினால் காகித மடிப்பும் ஓரத்து ரப்பரும் விலகும். டயருக்கு அடிக்கிற நூறு பவுண்டுக் காற்று காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடும். ஊதியே ஆகவேண்டும் என்றால் முப்பது பவுண்டுக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். உண்மையில் கொஞ்சம் தூசி படிந்த எலிமெண்ட், புத்தம் புதியதைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே நுண்ணிய தூசிக்குத் தடையாக நிற்கிறது. அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்புக்கு வந்தால் மாற்றுங்கள், அதற்கு முன் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் சிறிய இரண்டாவது எலிமெண்டை ஒருபோதும் ஊதக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இனி ஆயில். உங்கள் எஞ்சினுக்கு 15டபிள்யூ-40, தரம் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) வகுத்த சிஐ-4 பிளஸ். இதற்கு மேல் தேட வேண்டாம். முன்னால் இருக்கும் 15 குளிர்ந்த எஞ்சினுக்கான எண், பின்னால் இருக்கும் 40 சூடான எஞ்சினுக்கானது. நம் சமவெளியில் 20டபிள்யூ-40 ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் விடியற்காலையில் டர்போ பேரிங்கை ஆயில் எட்டுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும். ஆயில் குடிக்கிறதே என்று 20டபிள்யூ-50க்குப் போகச் சொல்வார்கள். குடிப்பது கொஞ்சம் குறையலாம். தேய்மானம் குறையாது, நோய் மறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

சிஐ-4 தரம் 2002இல் வந்தது, பிளஸ் 2004இல். டீசல் புகைக்கரியை ஆயிலுக்குள்ளேயே பிரித்து மிதக்கவைக்கும் திறன் இதில் அதிகம். ரிங் தேய்ந்த பழைய எஞ்சினில் கரி அதிகமாக இறங்கும், அதற்கு இதுவே பொருத்தம். 2016இன் கடைசியில் வந்த சிகே-4 ஊற்றினாலும் தவறில்லை, ஆனால் அதில் சாம்பல் குறைவாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு சைலன்சரில் கரி வடிகட்டி உள்ள புது வண்டிகளுக்காக. அதே சமயம் வந்த எஃப்ஏ-4 பக்கம் போகவே வேண்டாம், பழைய பேரிங்குக்கு அது மிகவும் மெலிது. சிலர் டீசலில் உள்ள கந்தகம் அமிலமாகிவிடும் என்று பயந்து காரத்தன்மை மிகுந்த ஆயில் தேடுகிறார்கள். பிஎஸ்-2 என்ற பழைய மாசுக் கட்டுப்பாட்டு விதியின் காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் அது 10 பங்குதான். அந்தப் பயம் பழைய காலத்தோடு போய்விட்டது.

முழு சிந்தெடிக் வேண்டாம் என்பேன். நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அரை லிட்டர் அரை லிட்டராக எரிந்துபோகிற எஞ்சினில் அந்த விலையும் சேர்ந்து எரிகிறது. அந்தப் பணத்தில் சாதாரண மினரல் ஆயிலையே சீக்கிரம் மாற்றுங்கள். எங்கள் எஞ்சினுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 16 லிட்டர். சிமெண்ட் ஓட்டத்தில் 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம், ஃபில்டரையும் அன்றே மாற்றுகிறோம்.

பைபாஸ் ஃபில்டர் பற்றி. வழக்கமான ஃபில்டர் வழியாக ஆயில் முழுவதும் ஓட வேண்டியிருப்பதால் அதன் காகிதம் அவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது, 20, 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டதைத்தான் நன்றாகப் பிடிக்கும். பேரிங்கில் ஆயில் படலமோ சில மைக்ரான்தான். பைபாஸ் ஃபில்டர் பத்தில் ஒரு பங்கு ஆயிலை மட்டும் எடுத்து, மெதுவாக, மிக நுண்ணியதாக வடிகட்டும். பயன் உண்டு. ஆனால் ஹோஸ், கிளாம்ப், இரண்டு ஏர் எலிமெண்டுகள், டீசல் ஃபில்டரில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இவை எல்லாம் சரியான பிறகு கையில் பணம் மிஞ்சினால் பொருத்துங்கள். பொருத்தும்போது அதன் ஆயில் குழாய் எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அந்தக் குழாய் நடுவழியில் அறுந்தால் மொத்த ஆயிலும் சாலையில் கொட்டிவிடும்.

அடுத்த முறை மாற்றும்போது பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் வெட்டி, காகிதத்தை விரித்து வெயிலில் பிடியுங்கள். மஞ்சளாக மின்னினால் புஷ் அல்லது பேரிங். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. வெறும் கரி மட்டும் என்றால் நிம்மதி. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியையும் கழற்றிப் பாருங்கள். புகை விட்டு விட்டுக் குப் குப்பென்று வந்தால் ரிங் போய்விட்டது, ஆயிலை மாற்றி எஞ்சின் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று, காலி கேனை அப்படியே விற்காதீர்கள். அதில் போலி ஆயில் நிரப்பி மறுபடியும் நம்மிடமே விற்கிறார்கள். ஆயில் மாற்றிய கையோடு கேனின் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள்.