திருகோணமலையில் சிறிய இணையத்தளம் நடத்துபவர் உள்ளூர் ஹோஸ்டிங் நிறுவனத்தை நம்பலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நிலாவெளியில் ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றுக்குத் தளம் அமைக்க இருப்பதாகவும், அதை இணையத்தில் வைத்து இயக்கித் தரும் ஹோஸ்டிங் சேவைக்கு வெளிநாட்டு நிறுவனங்களின் விளம்பர விலைக்கும் உள்ளூர் நிறுவனமொன்று சொன்ன விலைக்கும் நடுவில் முடிவெடுக்க முடியாமல் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் திருகோணமலை நகரில் இருந்துகொண்டு 12 ஆண்டுகளாகச் சிறிய தளங்களைப் பராமரித்து வருகிறேன். உப்புவெளியில் இரண்டு விடுதிகள், ஒரு பழைய மாணவர் சங்கம், ஒரு தனியார் கல்வி நிலையம், ஒரு கோயில், கருவாடும் கடலுணவும் விற்கும் ஒரு வியாபாரி என்று அந்தப் பட்டியல் அவ்வளவுதான். இவற்றில் பெரும்பாலானவை இன்று இலங்கையர் நடத்தும் நிறுவனங்களிடமே இருக்கின்றன. ஆகவே நம்பலாம் என்பதே என் பதில். ஆனால் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியது தளத்தை மட்டுமே. தளத்தின் முகவரியான டொமைன் பெயரும் தளத்தின் நகலான காப்புப்பிரதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

‘உள்ளூர்’ என்ற சொல்லை விற்பவர் ஒரு பொருளிலும் வாங்குபவர் வேறொரு பொருளிலும் எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. உரிமையாளர் இலங்கையராக இருப்பது ஒன்று. தளம் குடியிருக்கும் கணினியான சேவையகம் இலங்கையிலுள்ள தரவு நிலையமொன்றில் இருப்பது இன்னொன்று. கட்டணத்தை ரூபாவில் வங்கிக் கணக்குக்கு வைப்பிட முடிவது வேறொன்று. நான் பழகிய சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவதும் மூன்றாவதும் பொருந்தும். சேவையகம் சிங்கப்பூரிலோ ஜேர்மனியிலோ வாடகைக்கு எடுக்கப்பட்டதாக இருக்கும். இதில் தவறேதும் இல்லை. சந்தையில் தேங்காய் விற்பவருக்குச் சொந்தத் தென்னந்தோப்பு இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லையே. ஆனால் கேட்டவுடன் மழுப்புகிறாரா, நேராகச் சொல்கிறாரா என்பதை நான் கவனிப்பேன். சேவையகம் எந்த நகரத்தில் இருக்கிறது, அது முழுமையாக உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா அல்லது இன்னொரு நிறுவனத்தின் கணக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்கிறீர்களா, மேலேயுள்ள அந்த நிறுவனம் திடீரென்று சேவையை நிறுத்தினால் எத்தனை நாளில் எங்கள் தளத்தை வேறிடத்தில் எழுப்புவீர்கள் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். “மறுவிற்பனைதான், சிங்கப்பூரில் இருக்கிறது, இரண்டு நாளில் மாற்றிவிடுவோம்” என்று சொல்பவரை, “எங்களிடம் உலகத்தரம்” என்று சொல்பவரைவிட நான் அதிகம் நம்புவேன்.

நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா என்பதைப் பார்ப்பது கடினமான வேலையல்ல. தனியார் கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். தனிநபர் வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கேட்கலாம். ஒருவரே நடத்தும் நிறுவனத்தை நான் ஒதுக்குவதில்லை, ஆனால் “நீங்கள் இரண்டு வாரம் வைத்தியசாலையில் இருந்தால் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்காமல் பணம் கட்டியதும் இல்லை. பின்னால் இருப்பவர் யார் என்ற சிக்கல் வெளிநாட்டுப் பெரிய பெயர்களிலும் உண்டு: புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் என்ற ஹோஸ்டிங் நிறுவனங்கள் இரண்டும் பல ஆண்டுகள் என்டுரன்ஸ் என்ற ஒரே குழுமத்தின் கையில் இருந்தன, அந்தக் குழுமம் 2021இல் நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆயிற்று. ஒன்று பிடிக்காமல் மற்றதற்கு மாறியவர், முதலாளியை மாற்றிக்கொண்டதாகத் தாமாகவே எண்ணிக்கொண்டதுதான் மிச்சம்.

இனி டொமைன் பெயர். இதைப் பற்றிச் சற்று நீளமாக எழுதுவதற்குக் காரணம், நான் பட்டது இதில்தான். 2016ஆம் ஆண்டில் அந்தப் பழைய மாணவர் சங்கத்தின் தளத்தை அமைத்துத் தந்தவர், டொட் கொம் முகவரியைத் தம் சொந்தப் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். கெடுதல் நினைத்துச் செய்ததல்ல. அப்போது எங்களுக்கும் அது தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. பின்னர் அவர் வேலைக்காக வளைகுடா நாடொன்றுக்குப் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவர் திறந்து பார்க்காத பழைய மின்னஞ்சலில் குவிந்தன. டொட் கொம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாட்கள் உண்டு. அதற்குப் பின் ஐந்து நாட்கள் கழித்து யாரும் அதை வாங்கலாம். நாங்கள் விழித்துக்கொண்டபோது எல்லாத் தவணையும் கடந்து, எங்கள் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் மலரிலும் கடிதத் தாளிலும் அதே முகவரி அச்சாகியிருந்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

எனவே பெயரை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வைத்திருப்பதே நல்லது. இலங்கைக்குரிய டொட் எல்கே பெயர் வேண்டுமானால், 1990 முதல் இயங்கிவரும் எல்கே டொமைன் பதிவகத்தில் நீங்களே நேரடியாகக் கணக்குத் திறந்து, ரூபாவில் கட்டணம் செலுத்திப் பதியலாம். ஹோஸ்டிங் நிறுவனமே “இலவச டொமைன்” தருவதாகச் சொன்னால், பதிவில் உரிமையாளர் பெயராக உங்கள் பெயரும் தொடர்பு மின்னஞ்சலாக உங்கள் சொந்த மின்னஞ்சலும் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அறிவித்தல் வரவேண்டிய பெட்டியும் அதனுடன் சேர்ந்தே மூடிவிடும். பெயரும் சேவையகமும் வெவ்வேறு அடுக்குகள் என்பதை 2021 பெப்ரவரி 6ஆம் திகதி நாடே பார்த்தது. கூகுளின் எல்கே முகவரி உட்படச் சில முகவரிகள் அன்று வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கூகுளின் சேவையகத்தில் யாரும் கைவைக்கவில்லை, பெயர் காட்டும் வழிதான் மாற்றப்பட்டிருந்தது.

காப்புப்பிரதி விடயத்தில் ‘தினமும் எடுக்கிறோம்’ என்ற வாசகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கியபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின; அந்தக் காலத்துக்குரிய பிரதி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. உள்நாட்டில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2021 மார்ச் 10ஆம் திகதி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள். ஆகவே மாதம் ஒருமுறை முழுப் பிரதியை இறக்கி, ஒன்றை என் வீட்டு வன்தட்டிலும் ஒன்றை உரிமையாளரின் கூகுள் டிரைவிலும் வைக்கிறேன். இறக்கும் வசதியைத் தராத, அல்லது அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனம் எனக்கு வேண்டாம்.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கோயில் தளத்தை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியபோது, தரவுத்தளத்தை ஏற்றியவர் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான எழுத்துக் குறியேற்றத்தைக் கவனிக்காமல், தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத லத்தீன்1 என்ற பழைய அமைப்பில் ஏற்றிவிட்டார். ஆங்கிலத் தலைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. திருவிழாக் கட்டுரைகள் முழுவதும் வரிவரியாக வினாக்குறிகள். தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக விளங்காத ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஏனெனில் உள்ளே இருக்கும் பைட்டுகள் அழிவதில்லை. வினாக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் மூலம் போனது போனதுதான். பழைய பிரதி என் வன்தட்டில் இருந்ததால் தப்பினோம். அன்றிலிருந்து எந்தப் புதிய நிறுவனத்திடமும் முதலில் ஒரு சோதனைக் கணக்கைக் கேட்டு, பிரதியை அங்கே மீட்டெடுத்து, தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பணம் என்றதும் 2022 நினைவுக்கு வராமல் போகாது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஆண்டுக்கு 60 டொலர் கட்டிவந்த விடுதிக்காரருக்கு 12,000 ரூபாவாக இருந்த அதே கட்டணம் 21,600 ரூபாவாயிற்று. அறைகளோ வெறுமையாகக் கிடந்தன. இலங்கை வங்கி அட்டைகளால் வெளிநாட்டுக்குச் செலுத்துவதும் அப்போது திண்டாட்டமாக இருந்தது. உள்ளூர் நிறுவனங்களும் தங்கள் சேவையகத்துக்கு டொலரில் வாடகை கட்டுவதால் விலையைக் கூட்டவே செய்தன. ஆனால் அவர்களில் ஒருவர், தமக்கு ஆகும் செலவை வரிவரியாக எழுதியனுப்பி, கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார். நான் அவரிடம் தொடர்ந்து இருப்பதற்கு அந்த ஒரு கடிதமே பெரும் காரணம். வெளிநாட்டு விளம்பரங்களில் காணும் விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும் உரியது. புதுப்பிக்கும் விலையைச் சிறிய எழுத்தில் தேடுங்கள். உள்ளூர் விலையில் 18 சதவீத வற் வரி அடங்கியிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, தளத்தைப் பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதே முதற்கேள்வி. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகிறது. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2,700 கிலோமீற்றர் என்று வைத்தால், போய்வர 27 மில்லிநொடியாவது வேண்டும், ஐரோப்பாவுக்கு அதைப்போல் மும்மடங்கு வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து கைப்பேசியில் பார்க்கும் மாணவர்களுக்காக, கல்வி நிலையத்தின் தளத்தைக் கொழும்பிலுள்ள சேவையகத்தில் வைத்தேன். உங்கள் விடுதிக்கு அது தேவையில்லை. சித்திரை முதல் புரட்டாதி வரையான கிழக்குக் கடற்கரைப் பருவத்துக்கு முன்பதிவு செய்பவர்களில் பலர் ஐரோப்பாவில் அமர்ந்திருப்பவர்கள். கைப்பேசியில் எடுத்த ஐந்து மெகாபைட் படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் எந்த ஊர்ச் சேவையகமும் உங்களைக் காப்பாற்றாது.

சேவையகம் இலங்கையில் இருந்தால் மின்சாரத்தைப் பற்றியும் கேளுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதையும் பார்த்தோம். முறையான தரவு நிலையம் இவற்றை மின்பிறப்பாக்கியால் தாண்டிவிடும். அலுவலக மூலையில் வைத்த கணினி தாண்டாது.

மின்னஞ்சல் இன்னொரு தொல்லை. சேவையகத்தின் எண் முகவரியான ஒரே ஐபி முகவரியில் நூறு வாடிக்கையாளர்கள் இருக்கும்போது, அவர்களில் ஒருவர் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் முன்பதிவு உறுதிக் கடிதமும் விருந்தினரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழும். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புபவர் எல்லோரிடமும் கடிதம் உண்மையில் அவர்களின் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவை எதிர்பார்க்கிறது. இரண்டையும் அமைத்துத் தருவீர்களா என்று கேட்டால், நிறுவனத்தின் தொழில் அறிவும் அதே கேள்வியில் தெரிந்துவிடும். தளங்களை இயக்கும் பிஎச்பி நிரல்மொழியில், பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுபோன 7.4 பதிப்புதான் எங்களிடம் இருக்கிறது என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்க, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சாதாரணச் சான்றிதழுக்கு ஆண்டுக் கட்டணம் கேட்டாலும் அப்படியே.

நிறுவனங்கள் முழங்கும் 99.9 சதவீத இயங்குநேரம் என்பது மாதத்துக்கு 43 நிமிடம் தளம் படுத்திருக்கலாம் என்று பொருள்படும். அந்த வாக்கு மீறப்பட்டாலும் பெரும்பாலும் கட்டணத்தில் சிறு கழிவுதான் கிடைக்கும். எனக்கு அதைவிட முக்கியம், போயா விடுமுறை இரவில் தொலைபேசியை எடுப்பது யார், தமிழில் சொன்னால் அவருக்கு விளங்குமா என்பது. கொழும்பு நிறுவனங்கள் சிலவற்றில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டுமே பதில் கிடைக்கிறது. எனக்கு அது தடையல்ல, ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் விடுதிக்காரர் தாமே பேச வேண்டியிருக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விலையைப் பற்றியல்லாமல், பிரதியை நானே இறக்க முடியுமா என்ற தொழில்நுட்பக் கேள்வியைத் தமிழில் எழுதி அனுப்பிப் பாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் தெளிவான பதில் வந்தால், ஓராண்டுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மூன்றாண்டுக் கழிவைக் காட்டினாலும் வேண்டாம். திங்கட்கிழமை “அன்பான வாடிக்கையாளரே” என்று தொடங்கும் அச்சடித்த பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.