முழங்கை ஜவ்வு அறுவைக்குப் பிறகு ஈட்டியா, கல்லூரி இடமா?

அம்மா, நான்கு மாதத்துக்கு முன் முழங்கையில் அறுவை செய்துகொண்ட மகளை, கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வில் ஈட்டி எறிய அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த ஒரு இடம் போனாலும் போகட்டும்.

நீரஜ் சோப்ரா சில மாதங்களிலேயே திரும்பவில்லையா என்று பயிற்சியாளர் கேட்டாராம். உண்மைதான். 2019 மே மாதம் அறுவை, 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர். ஆனால் அவருக்குச் செய்தது மூட்டுக்குள் கிடந்த எலும்புத் துணுக்குகளை எடுக்கும் அறுவை. உங்கள் மகளுக்குக் கிழிந்த ஜவ்வின் இடத்தில் முன்கையிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த நாண் ஜவ்வாக மாறி உறுதிப்படப் பல மாதங்கள் பிடிக்கும். முழு வேகத்தில் எறிய பெரும்பாலும் ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம். அவசரத்தில் அது மறுபடி கிழிந்தால், இரண்டாவது அறுவைக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு முதல் தடவையைவிடக் குறைவு.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, கை முழுதாக நீளவில்லை. இந்த அறுவைக்குப் பின் அதிகம் வரும் சிக்கல் அல்நார் நரம்புத் தொந்தரவுதான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் அந்த நரம்பு ஜவ்வை ஒட்டியே ஓடுகிறது. பலருக்குத் தானாகத் தணிந்துவிடும். ஆனால் மரத்துப்போவது குறையாவிட்டாலோ, பிடியில் பலம் குறைந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே போங்கள். 1974இல் இந்த அறுவையை முதன்முதலில் செய்துகொண்ட அமெரிக்க பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கும் இதே நரம்பு கெட்டு, அந்த டிசம்பரிலேயே மறுபடி அறுவை நடந்தது. 1975 முழுக்க அவர் ஆடவில்லை. 1976இல் திரும்பியவர் 1989 வரை ஆடினார்.

சரி, படிப்புக்கு வருவோம். இந்த வருடம் கை எறியாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அடிபடுவதற்கு முன் வாங்கிய மாநில, தேசிய அளவிலான சான்றிதழ்கள் அப்படியேதான் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள், எறிந்து காட்டச் சொல்வதில்லை. எந்த ஆண்டுகளின் சான்றிதழ் செல்லும் என்பதை மட்டும் அறிவிப்பில் கவனியுங்கள். மகள் உயிரியலும் படித்திருப்பதால் பிசியோதெரபி பட்டப்படிப்பையும் பட்டியலில் சேர்ப்பேன். தினமும் அந்த மேசையில் படுத்து எழுகிற பெண், அந்த வேலை பிடிக்குமா என்று அவளுக்கே தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகமும் நல்ல இடம். ஆனால் உடற்கல்விப் படிப்பு என்றால் உடற்தகுதித் தேர்வு இருக்கும், அதற்குக் கை தயாரா என்று முதலில் பார்க்க வேண்டும். காவல்துறை, ராணுவ ஆசை இருந்தால், அங்கே மருத்துவப் பரிசோதனையில் முழங்கை முழுதாக நீள்கிறதா என்று சோதிப்பார்கள். அதனால் பிசியோதெரபியைப் பாதியில் விட வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, எப்போது எறியத் தொடங்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சியாளரிடம் அந்தத் தாளையே காட்டிவிடலாம். அப்புறம் சான்றிதழ்களின் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பக் கடைசித் தேதிகள் நெருங்குகின்றன.