மூன்று பச்சை விளக்கு: பைலட் ஆக ஆசைப்படும் தம்பியின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. தம்பி பிளஸ் டூ முடித்ததும் பிசினஸ் ஜெட், அதாவது சிலர் மட்டும் போகும் சிறிய ஜெட் விமானத்துக்குப் பைலட் ஆகணும் என்கிறார். "சக்கரம் இறங்காமல் போனால் என் பிள்ளை என்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபீஸ், வேலை எல்லாம் அப்புறம். இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சக்கரங்களை ஏற்றி இறக்கும் லேண்டிங் கியர் லிவருக்குப் பக்கத்தில் மூன்று பச்சை விளக்குகள் இருக்கும். மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடது வலதுக்கு ஒவ்வொன்று. சக்கரம் முழுதாக இறங்கிப் பூட்டிக்கொண்டால்தான் பச்சை எரியும். பூட்டாமல் தரையிறங்கப் போனால் ஹாரன் அலறும். அதற்கு மாற்று வழியும் விமானத்திலேயே உண்டு. செஸ்னா சைட்டேஷன் என்ற பிசினஸ் ஜெட்டுகள் பலவற்றில் ஒரு கைப்பிடியை இழுத்தால் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கொக்கிகள் விடுபட்டு, அது தன் எடையிலேயே கீழே விழும். அப்போதும் பூட்டவில்லை என்றால் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கும் நைட்ரஜனைத் திறந்துவிட்டு, அந்த அழுத்தத்தில் தள்ளிப் பூட்டலாம். எதற்குப் பின் எது என்பது செக்லிஸ்டில் அச்சடித்திருக்கும். ஒருவர் அதை வாசித்துச் செய்ய, இன்னொருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார்.

இந்த வேலைப் பிரிவினை தவறிய இடத்தில்தான் உயிர்கள் போயிருக்கின்றன. 1972 டிசம்பர் 29 இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமி வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்ற பயணிகள் விமானத்தில் மூக்குச் சக்கரத்துக்கான பச்சை எரியவில்லை. 2,000 அடியில், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு எல்லோரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே உயரத்தில் வைத்திருக்கும் ஆட்டோபைலட்டின் பிடிப்பு விடுபட்டதையும், விமானம் மெல்ல இறங்கியதையும் யாரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது, பல்புதான் எரிந்துபோயிருந்தது.

1978 டிசம்பர் 28-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வேறு விதம். யுனைடெட் ஏர்லைன்ஸ் 173 என்ற பயணிகள் விமானத்தின் சக்கரம் தடாரென்று இறங்கியது, விளக்கு சரியாகக் காட்டவில்லை. கேப்டன் ஒரு மணி நேரம் போல வானில் சுற்றியபடி அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் அவர் மனதில் பதியும்படி அழுத்திச் சொல்லவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிப் பேச வேண்டும் என்பதையே ஒரு பாடமாக உலகம் முழுக்கக் கற்றுத்தருவதற்கு இந்த விபத்து முக்கியக் காரணம்.

அதனால் தம்பியிடம் நீங்கள் பார்க்க வேண்டியது தைரியத்தை அல்ல அம்மா. ஒரே நேரத்தில் இரண்டு பிரச்சினை வந்தால் எதை முதலில் பிடிக்கிறார்? தப்பு நடக்கிறது என்று தெரிந்தால் பெரியவர்களிடம் மரியாதையோடு, ஆனால் விடாமல் சொல்கிறாரா? நம் வீடுகளில் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று சொல்லியே வளர்க்கிறோம். காக்பிட்டில் அந்தப் பழக்கம் ஆபத்து. இதை இப்போதே அவரிடம் பேசுங்கள்.

இனி வேலைக்கான வழி. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 18 வயதும், 200 மணி நேரப் பறத்தலும், டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வுகளும் வேண்டும். ஜெட் ஓட்ட அந்த ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங்கைத் தனியாக எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. ஆனால் நகையை அடகு வைப்பதற்கும் நிலத்தை விற்பதற்கும் முன்னால் பைலட்டுகளுக்கான கிளாஸ் 2 மருத்துவப் பரிசோதனையையும், அடுத்து அதைவிடக் கடுமையான கிளாஸ் 1-ஐயும் முடித்துவிடுங்கள். அதில் நிறப்பார்வையும் பார்ப்பார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது என்பது பணம் கட்டிய பிறகு தெரியவந்து அழுத குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு அந்தச் சிக்கல் இருந்தாலோ, பறப்பதைவிட இயந்திரத்தில் மனம் இருந்தாலோ, விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு இருக்கிறது. விமானத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை ஏற்றி இறக்கி, எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான். அதற்கும் மருத்துவ, பார்வைத் தகுதி விதிகளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் தம்பியைத் தனியாக என்னிடம் அனுப்புங்கள். போர்ட்லாந்து கதையை முழுதாகச் சொல்லி, நீ அந்த அறையில் இருந்திருந்தால் எந்த நிமிடத்தில், என்ன வார்த்தையில் கேப்டனிடம் சொல்லியிருப்பாய் என்று கேட்கப் போகிறேன்.